தளர்நடைக் குழந்தை: நீங்கள் வீட்டில் காண்பதும் நாங்கள் இங்கே கேட்பதும்

ஒன்றரை வயதுக் குழந்தையைக் காய்ச்சலுக்காகவோ தடுப்பூசிக்காகவோ எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வரும் பெற்றோரிடம் நாங்கள் சில கேள்விகளைக் கேட்பதுண்டு. குழந்தை தனக்குப் பிடித்த ஒன்றை விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறதா? விளையாட்டின் நடுவே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? ஒளித்து வைத்த பொம்மையைத் தேடுகிறதா? காய்ச்சலுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் ஐயத்துடன் எங்களைப் பார்ப்பார்கள். சிலர் முகம் மலர்ந்து, கேட்டதற்கு மேலாகவே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அப்படிச் சொல்பவர்களை நாங்கள் அவசரப்படுத்துவதில்லை. வெளியே வரிசையில் காத்திருப்போர் மன்னிக்க வேண்டும்.

மருத்துவரின் அறையில் குழந்தை தன் இயல்பைக் காட்டுவதில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டதும் தாயின் தோளில் முகம் புதைத்து அழும் குழந்தையிடம், ‘எங்கே, டாட்டா காட்டு’ என்று கேட்டுப் பயனில்லை. பத்து நிமிடங்களில் எங்களுக்குக் கிடைப்பவை எடை, உயரம், தலைச் சுற்றளவு, பிறகு ஓர் அழுகை. குழந்தையின் பேச்சும் அறிவும் உறவாடும் திறனும் எவ்வாறு வளர்கின்றன என்பதற்கான சான்றுகள் உங்கள் வீட்டுக் கூடத்திலும் சமையலறைத் தரையிலும் நாள்தோறும் கிடைக்கின்றன. அவற்றைக் கண்டு மகிழும் நீங்கள்தாம் எங்களுக்கு முதன்மையான சாட்சிகள்.

தமிழில் இந்தக் கவனிப்புக்கு நெடிய மரபு உண்டு. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. காப்புக்குப் பின் வருவது செங்கீரை. குழந்தை கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் பருவம். அதன்பின் தால், கை கொட்டும் சப்பாணி, முத்தம், தாயை நோக்கித் தளர்நடையிட்டு வரும் வருகை, நிலாவை விளையாட அழைக்கும் அம்புலி. தலை நிற்பது, உட்கார்ந்து கை தட்டுவது, நடப்பது, தொலைவிலுள்ள ஒன்றை மற்றொருவருடன் சேர்ந்து நோக்குவது என்று எங்கள் வளர்ச்சி அட்டவணைகள் சொல்லும் வரிசையும் ஏறக்குறைய இதுவே.

நடையைப் பற்றித்தான் பெற்றோர் மிகுதியாகக் கவலைப்படுகிறார்கள், பெரும்பாலும் தேவையின்றி. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து 2006-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. அதன்படி, நலமான குழந்தைகள் பிடிமானமின்றி நடக்கத் தொடங்கும் வயது சுமார் 8 மாதம் முதல் 17½ மாதம் வரை விரிந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்தில் நடந்துவிட்டது என்னும் செய்தி உங்கள் குழந்தையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அதே ஆய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடைக்குச் சென்றன. 18 மாதம் நிறைந்தும் தனியே நடக்கவில்லை என்றாலோ, ஓராண்டு நிறையுமுன்பே எப்போதும் ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை மடக்கியே வைத்திருந்தாலோ எங்களிடம் காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், இரண்டு வயது வரை, பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்தே வயதைக் கணக்கிட வேண்டும். இதைச் சொன்னதும் நிம்மதிப் பெருமூச்சு விட்ட தாய்மார் பலர்.

நடைவண்டி என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. தாத்தா தச்சரிடம் சொல்லிச் செய்து வாங்கும் மூன்று சக்கர மரவண்டியைத் தள்ள வேண்டுமானால், குழந்தை எழுந்து நின்று தன் எடையைத் தானே தாங்க வேண்டும். ஒருவர் உடனிருந்தால் அதைத் தரலாம். கடைகளில் விற்கும், குழந்தையை நடுவில் உட்கார வைத்து உருட்டும் பிளாஸ்டிக் வாக்கர் வேறு வகை. அது நடையை விரைவுபடுத்துவதில்லை. படியில் உருண்டு தலையில் அடிபடவும், அடுப்பங்கரைச் சூட்டை எட்டிப் பிடிக்கவும் வழி செய்கிறது. கனடா 2004-ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. உறவினர் யாரேனும் பரிசாக அளித்திருந்தால் பரணில் ஏற்றிவிடுங்கள்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். பிறந்த எடையைப் போல் மூன்று மடங்கை ஓராண்டில் எட்டும் குழந்தை, அடுத்த ஆண்டு முழுவதும் இரண்டு முதல் இரண்டரை கிலோ வரைதான் கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிகிறது. ‘ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்டான், இப்போது வாயைத் திறப்பதே இல்லை’ என்னும் முறையீட்டுக்குப் பெரும்பாலும் இதுவே விடை. அதை ஈடுகட்டப் பாலை ஊற்றி ஊற்றிக் கொடுப்பதுதான் தவறு. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைக்குச் சோற்றுப் பசி இராது, இரும்புச்சத்தும் குறையும். இட்லியைப் பிசைந்து தலையிலும் தரையிலும் பூசிக்கொண்டு, கால் பங்கை மட்டும் வாயில் சேர்க்கிறதா? சேர்க்கட்டும். துடைப்பது உங்களுக்கு வேலை. கற்பது அதற்கு வேலை.

கரண்டியைக் கீழே போட்டு, நீங்கள் எடுத்துக் கொடுத்ததும் மீண்டும் போடும் குழந்தையைக் குறும்பு என்று பலர் அதட்டுகிறார்கள். பொருள் விழுவதையும், விழுந்தது மறையாமல் அங்கேயே கிடப்பதையும், ஒவ்வொரு முறையும் நீங்கள் குனிவதையும் அது ஆராய்ந்துகொண்டிருக்கிறது. துணியால் மூடி மறைத்த கிலுகிலுப்பையைத் துணியை விலக்கித் தேடும் நாளும் இப்படி ஒரு பெரிய நாள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பொருள் இருக்கிறது என்னும் அறிவு ஓராண்டு நிறைவை ஒட்டி உறுதிப்படுகிறது. இதை விரிவாக எழுதிய சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே, தம் மூன்று குழந்தைகளையே வீட்டில் கவனித்துக் குறிப்பெடுத்தவர்.

திருஷ்டிப் பொட்டைக் கொண்டும் நீங்கள் ஒன்றைக் கண்டு மகிழலாம். குழந்தை அறியாமல் அதன் மூக்கில் பொட்டிட்டுக் கண்ணாடியின் முன் நிறுத்துங்கள். ஒரு வயதுக் குழந்தை கண்ணாடிக்குள் இருக்கும் குழந்தையிடம் சிரிக்கும், கண்ணாடியைத் தட்டும். பெரும்பாலும் ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் ஒரு நாள், கண்ணாடியை விட்டுத் தன் மூக்கைத் தொட்டுப் பார்க்கும். 1972-ஆம் ஆண்டு பியூலா ஆம்ஸ்டர்டம் என்னும் அமெரிக்க ஆய்வாளர் குழந்தைகளின் மூக்கில் சாயமிட்டுச் செய்த சோதனையும் இதுதான். உங்கள் வீட்டில் அந்த நாள் சற்றுத் தள்ளி வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. இது பரிசோதனை அன்று, மகிழ்ச்சிக்காகச் சொல்கிறோம்.

ஆனால் சுட்டுவிரலைப் பற்றி நாங்கள் கேட்பது மகிழ்ச்சிக்காக மட்டுமல்ல. ஓராண்டு நிறையும் காலத்தை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகள் விரல் நீட்டிச் சுட்டத் தொடங்குகின்றன. அதில் இரண்டு வகை உண்டு. அலமாரியின் மேலிருக்கும் பிஸ்கட் டப்பாவைச் சுட்டி ‘ம்... ம்...’ என்பது கேட்பதற்கான சுட்டல். மொட்டைமாடியில் காக்கையைச் சுட்டிவிட்டு, திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்து, மீண்டும் காக்கையைப் பார்ப்பது காட்டுவதற்கான சுட்டல். இரண்டாவதில் குழந்தைக்குக் காக்கை வேண்டியதில்லை. தான் கண்டதை நீங்களும் காண வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் ‘ஆமாம், காக்கா!’ என்கிறீர்கள். பொருளும் முகமும் ஒலியும் ஒரே கணத்தில் சேர்கின்றன. சொற்கள் இப்படித்தான் குழந்தையிடம் குடியேறுகின்றன. நிலாவைக் காட்டிச் சோறூட்டும் நம் வழக்கத்திலும் இதே பயிற்சி அடங்கியிருக்கிறது. குழந்தை உங்கள் விரலைப் பார்ப்பதை விட்டு, விரல் காட்டும் திசையில் வானத்தைப் பார்க்கும் மாலையை நீங்கள் நினைவில் வைத்திருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள்.

ஆட்டிச நிலையைத் தொடக்கத்திலேயே உணர்ந்துகொள்ள நாங்கள் பயன்படுத்தும் எம்-சாட் என்னும் வினாப்பட்டியலில், 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளின் பெற்றோர் விடையளிக்க வேண்டிய 20 கேள்விகள் உள்ளன. அவற்றுள் சுட்டுதலுக்கும், சுட்டியதை நோக்குவதற்கும் முக்கிய இடம் உண்டு. 18 மாதமாகியும் காட்டுவதற்காகச் சுட்டவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, வேண்டியதை எடுக்க உங்கள் முகத்தைப் பாராமல் உங்கள் கையை மட்டும் பிடித்து இழுத்து வைக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். இவை இருப்பதால் மட்டுமே ஆட்டிசம் என்று முடிவு செய்துவிட இயலாது. முறையான மதிப்பீடு தேவை என்பதே பொருள். மதிப்பீட்டின் முடிவுக்குக் காத்திராமல் பயிற்சியைத் தொடங்கலாம். அதனால் எந்தக் குழந்தைக்கும் தீங்கில்லை.

எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தை, அடையாளங்களை மாற்றி, இங்கே குறிப்பிடுகிறோம். 19 மாதச் சிறுவன், வந்தது சளிக்காக. நன்றாக ஓடினான், சிரித்தான், சுவரிலிருந்த மீன் படத்தைத் தன் தாய்க்குச் சுட்டிக் காட்டினான். பேச்சு மட்டும் இல்லை. ‘ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவான், இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான்’ என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்களாம். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தபோது, உடன் வந்திருந்த பாட்டி தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். “என் பேத்தி இந்த வயதில், அப்பா வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடுவாள். இவன், அப்பா உள்ளே வந்து எதிரே நின்ற பிறகுதான் ஓடுகிறான், டாக்டர். ஓடும்போது சந்தோஷத்துக்கு ஒன்றும் குறைவில்லை.”

பெரா என்னும் செவித்திறன் பரிசோதனையில் அவனுக்கு இரு காதுகளிலும் கடுமையான கேள்விக் குறைபாடு இருப்பது தெரிந்தது. பிறந்தபோது செவித்திறன் பரிசோதிக்கப்படவில்லை. கண்கூர்மையான அச்சிறுவன் உதட்டசைவையும் நிழலையும் தரையின் அதிர்வையும் கொண்டே வீட்டாரின் பேச்சுக்கு ஈடுகொடுத்து வந்திருக்கிறான். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையின் தொடக்கம் என்பதே உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்ற முயலும் நெறி. அவனுக்கு ஓராண்டுக்கும் மேல் நழுவியிருந்தது. இப்போது காது கேட்கும் கருவி பொருத்திப் பேச்சுப் பயிற்சி நடைபெறுகிறது. காக்ளியர் கருவிக்கான மதிப்பீடும் தொடங்கியுள்ளது. தகுதியுள்ள குழந்தைகளுக்கு அந்த அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகிறது. முன்பே சொல்லியிருக்கலாமோ என்று அந்தப் பாட்டி எங்களிடம் கேட்டார். நீங்கள் சொன்னதால்தான் இப்போதாவது தெரிந்தது, அம்மா, என்றோம்.

ஆண் குழந்தைகள் சற்றுப் பிந்திப் பேசுவது உண்மைதான். ஆனால் சராசரியில் அந்த வேறுபாடு மிகச் சிறியது. மூன்று வயது வரை காத்திருக்க அது காரணமாகாது. வீட்டில் இரண்டு மொழிகள் பேசுவதும் காரணமன்று. ஒன்றரை வயதில் பொருளுள்ள ஒரு சொல்லும் இல்லை, அல்லது இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் தா’ போன்ற இரு சொல் தொடர் இல்லை என்றால், முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனை. இவை எல்லாவற்றையும் விட விரைவாக எங்களிடம் வர வேண்டிய நிலை ஒன்று உண்டு: குழந்தை முன்பு செய்துவந்ததை இழப்பது. சொன்ன சொற்கள் மறைவது, டாட்டா காட்டிய கை ஓய்வது, நடந்த கால் தளர்வது எந்த வயதிலும் இயல்பன்று.

கைப்பேசியைப் பற்றிக் கேட்டால் தாய்மார் தலைகுனிகிறார்கள். குற்றம் சாட்டுவதற்காக நாங்கள் கேட்பதில்லை. தனியே சமைத்து, துவைத்து, வேலைக்கும் சென்று வரும் ஒருவர் பத்து நிமிட அமைதிக்குத் திரையை நாடுவது எங்களுக்குப் புரிகிறது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமலும், குறைந்தால் நலம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. குழந்தை திரையிலுள்ள யானையைச் சுட்டித் திரும்பும்போது அங்கே ஒரு முகம் இருப்பதில்லை. எங்கள் கவலை அதுதான். வெளியூர்ப் பாட்டியுடன் வீடியோ அழைப்பில் கொஞ்சுவதை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை, அங்கே பதில் சொல்ல ஒரு முகம் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தை மட்டுமாவது முதலில் மீட்டுக்கொள்ளுங்கள்.

அதே கைப்பேசி எங்களுக்கு உதவவும் கூடும். குழந்தை இயல்பாக விளையாடும்போது, அழைத்துப் பிடித்து நிறுத்தாமல், அரை நிமிடக் காணொளி ஒன்றிரண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழும் குழந்தையைப் பத்து நிமிடம் பார்ப்பதை விட அது எங்களுக்குக் கூடுதலாகச் சொல்லும். ஐயமான அசைவு ஏதேனும் இருந்தால் அதையும் எடுத்துக் காட்டுங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணைக்கும் முத்தடுப்பு ஊக்கத் தவணைக்கும் எப்படியும் வர வேண்டியிருக்கும். வளர்ச்சியைப் பற்றிப் பேச அதைவிட ஏற்ற நாள் இல்லை. எங்கள் மருத்துவமனை தொலைவு என்றால், 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் செவித்திறனையும் பேச்சையும் கட்டணமின்றி மதிப்பிடுவார்கள். வரும்போது தடுப்பூசி அட்டையைக் கொண்டு வாருங்கள். பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டியோ தாத்தாவோ என்றால், அவரையும் அறைக்குள் அழைத்து வாருங்கள்.