'விகார்' – பிறருக்காக நிற்பவர்



'விகார்' என்ற ஆங்கிலச் சொல் நமக்குப் புதிதல்ல. மறைமாவட்ட முதன்மை குருவை 'விகார் ஜெனரல்' என்கிறோம். திருத்தந்தையைக் கிறிஸ்துவின் விகார், அதாவது கிறிஸ்துவின் பதிலாள் என்கிறோம். உதவிப் பங்குத்தந்தையையும் திருச்சபைச் சட்டம் விகார் என்றே அழைக்கிறது. இச்சொல்லின் பொருள் என்ன?

இலத்தீனில் 'விக்காரியுஸ்' என்றால், மற்றொருவருக்குப் பதிலாக நிற்பவர். 'வைஸ் சேர்மன்' என்பதில் வரும் 'வைஸ்' இதே வேரிலிருந்து பிறந்ததே. பழைய உரோமையில் ஓர் அடிமையின் கீழ் வேலை செய்த அடிமைக்கும் இப்பெயர் இருந்தது! பின்னர், பேரரசர் தியோக்கிளேசியன் (கி.பி. 284–305) செய்த ஆட்சிச் சீர்திருத்தத்தை ஒட்டி, பல மாநிலங்களைச் சேர்த்து 'டயோசிஸ்' என்னும் மண்டலங்கள் உருவாயின. ஒவ்வொன்றையும் மேலதிகாரியின் பெயரால் ஒரு விக்காரியுஸ் ஆண்டார். திருச்சபையைத் துன்புறுத்திய அப்பேரரசின் இவ்விரு சொற்களும் இன்று திருச்சபையின் சொற்களாகிவிட்டன.

தொடக்கத்தில் திருத்தந்தையர் தங்களைப் பெரும்பாலும் பேதுருவின் பதிலாள் என்றே அழைத்தனர். 'கிறிஸ்துவின் பதிலாள்' என்பதை வலியுறுத்தி வழக்கில் நிறுத்தியவர் மூன்றாம் இன்னொசென்ட் (1198–1216). ஆயர்களும் கிறிஸ்துவின் பதிலாள்களே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய ஏட்டில் (எண் 27) கற்பித்தது.

பதிலாளின் அதிகாரம் சொந்தமல்ல, பெற்றுக்கொண்டது. எனவேதான், ஆயர் பதவி காலியாகும்போது முதன்மை குருவின் அதிகாரமும் பொதுவாக முடிந்துவிடுகிறது (திருச்சபைச் சட்டம் 481). நம் வீட்டுத் திருமணத்துக்கு உறவுக்காரச் சாமியாரை அழைக்கிறோம். "அவரும் சாமியார்தானே, எதற்கு அனுமதி?" என்று சிலர் வருத்தப்படுவதுண்டு. ஆயரோ பங்குத்தந்தையோ அதிகாரம் வழங்காமல் அவர் நடத்தும் திருமணம் பொதுவாகச் செல்லாது. இது வெறும் சம்பிரதாயம் அன்று. மணமக்களின் திருவருட்சாதனத்தைக் காக்கும் ஒழுங்கு.

இந்தப் பாடம் குருக்களாகிய எங்களுக்கு மட்டுமல்ல. பங்குப் பேரவை, அன்பியம், பக்த சபைகளில் பொறுப்பு வகிக்கும் அனைவருக்கும் உரியது. பொறுப்பு மாறும்போது சாவியையும் கணக்கு நோட்டையும் கொடுக்க நமக்கு ஏன் மனம் வருவதில்லை? 'என் பங்கு, என் சபை' என்று சொல்லிச் சொல்லி, யாருக்காக நிற்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். பணிவிடை பெறுவதற்கு அல்ல, பணிவிடை புரியவே வந்த ஆண்டவருக்காகவே நிற்கிறோம். கொடுத்தவர் கேட்கும்போது மகிழ்வோடு திருப்பித் தரும் மனம் வேண்டி மன்றாடுவோம்.