மேல்கோட்டைக்குக் குழாய் வழி: ஒரு கணக்கு

வைரமுடி உற்சவம் நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். சென்னையிலிருந்து தாத்தாவும் பாட்டியும் மேல்கோட்டைக்கு எப்படி வருவது? ரயிலா, விமானமா? இப்போது பிள்ளைகள் மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கிறார்கள். அதுதான் 'ஹைப்பர்லூப்' எனப்படும் வெற்றிடக் குழாய் வண்டி. மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகம் என்கிறார்கள். ஊரை விட்டு வந்து வாழும் நமக்குப் பயண நேரம் சின்ன விஷயமல்ல. திருவிழாவுக்கு இல்லாவிட்டாலும், ஊரிலிருந்து ஒரு துக்கச் செய்தி வரும் நாளில் ஒவ்வொரு மணியும் பெரிது. ஆகவே இந்தக் குழாய் நமக்கு உண்மையில் எவ்வளவு உதவும் என்று பார்ப்போம்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்குக் காற்றின் தடை தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் சக்தியோ எட்டு மடங்காகும். விமானம் பத்து கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறுவதும் இதற்காகத்தான். அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால் பங்குதான். அந்த மெல்லிய காற்றைத் தரைக்கே கொண்டுவருவதுதான் குழாய்த் திட்டம். நீண்ட இரும்புக் குழாயிலிருந்து பம்புகளால் காற்றை வெளியேற்றி, உள்ளே காந்த விசையால் மிதக்கும் பெட்டியை ஓட்டுவார்கள்.

யோசனை புதிதல்ல. ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் கோடார்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைப்பற்றி எழுதினார். ஸ்விட்சர்லாந்தின் 'ஸ்விஸ்மெட்ரோ' திட்டம் 2009இல் கைவிடப்பட்டது. 2013இல் எலான் மஸ்க் வெளியிட்ட அறிக்கைதான் ஹைப்பர்லூப் என்ற பெயரைப் பரப்பியது. பெட்டிக்கு 28 பேர், உச்ச வேகம் மணிக்கு 1,220 கி.மீ., குழாய்க்குள் காற்றழுத்தம் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது அதன் கணக்கு.

நம் பக்கத்து முயற்சிகள்

2018இல் மும்பை–புனே பாதைக்கு ஒப்பந்தம் ஆயிற்று. 2020 செப்டம்பரில் பெங்களூர் விமான நிலையமும் விர்ஜின் ஹைப்பர்லூப் நிறுவனமும், பத்தே நிமிடத்தில் நகருக்குள் வருவது பற்றி ஆராய ஒப்பந்தம் செய்தன. அதே ஆண்டு நவம்பரில் அந்நிறுவனம் அமெரிக்காவின் நெவாடாவில் இரண்டு பேரை 500 மீட்டர் குழாயில் மணிக்கு 172 கி.மீ. வேகத்தில் அனுப்பிக் காட்டியது. 2023இன் இறுதியில் நிறுவனமே மூடப்பட்டது. மும்பையிலும் பெங்களூரிலும் குழாய் எழவில்லை.

சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் விடவில்லை. ரயில்வே அமைச்சகத்தின் உதவியோடு தையூர் வளாகத்தில் 422 மீட்டர் சோதனைக் குழாய் அமைத்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய காரியம்தான். ஆனால் பயணிகளுக்குத் தலைசுற்றாமல் மெதுவாக வேகம் கூட்டினால், ஆயிரம் கி.மீ. வேகத்தை எட்டவே 35, 40 கிலோமீட்டர் ஓட வேண்டும். பயணச்சீட்டு வாங்கி ஏறும் குழாய் வண்டி இன்றுவரை உலகில் எங்கும் ஓடவில்லை.

வாசலிலிருந்து வாசல்வரை

ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். சென்னை வீட்டு வாசலிலிருந்து மேல்கோட்டை கோயில் வாசல்வரை நாமே தோராயமாகக் கணக்குப் போடலாம்.

வந்தே பாரத் ரயில் (2022 நவம்பரில் தொடங்கியது): சென்ட்ரலுக்கு வர 1 மணி, காத்திருப்பு அரை மணி, மைசூருக்கு சுமார் ஆறரை மணி, அங்கிருந்து மேல்கோட்டைக்கு சுமார் 50 கி.மீ. சாலையில் ஒன்றரை மணி. மொத்தம் ஒன்பதரை மணி.

பெங்களூர் வழியாக விமானம்: மீனம்பாக்கத்துக்கு 1 மணி, சோதனையும் காத்திருப்பும் ஒன்றரை, பறப்பது 1, வெளியே வர அரை, தேவனஹள்ளியிலிருந்து சாலை வழி 3. மொத்தம் ஏழு மணி.

அதிவேக ரயில் (சென்னை–பெங்களூர்–மைசூர், சுமார் 435 கி.மீ. என்று திட்டமிடப்பட்டது): நிலையத்துக்கு 1, காத்திருப்பு அரை, ஓட்டம் இரண்டரை, சாலை ஒன்றரை. மொத்தம் ஐந்தரை மணி.

குழாய்: நிலையத்துக்கு 1, சோதனையும் காத்திருப்பும் முக்கால், பெங்களூரில் நின்று மைசூருக்கு முக்கால், சாலை ஒன்றரை. மொத்தம் நான்கு மணி.

ஒன்பதரை மணி நான்காவது பெரிய லாபம்தான். ஆனால் இன்றைய ரயிலின் சராசரி வேகத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் ஓடியும், பயண நேரம் பாதிக்குச் சற்றே கீழே வருகிறது. நான்கு மணியில் குழாய்க்குள் இருப்பது முக்கால் மணி. மீதி நேரம் ஆட்டோவிலும் வரிசையிலும் மலைப்பாதையிலும் போகிறது. அதிவேக ரயிலோடு ஒப்பிட்டால் மிச்சமாவது ஒன்றரை மணி மட்டுமே.

கூட்டமும் செலவும்

வைரமுடி இரவில் எல்லாரும் ஒரே நாளில் வருவார்கள். 16 பெட்டி வந்தே பாரத்தில் 1,128 இருக்கைகள். அத்தனை பேரையும் ஏற்ற 28 பேர் கொண்ட குழாய்ப் பெட்டிகள் நாற்பதுக்கு மேல் வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று விட்டாலும் ஒரு ரயில் கூட்டத்தை அனுப்ப ஒன்றேகால் மணிக்கு மேல் ஆகும். ஜப்பானின் நீண்ட ஷின்கான்சென் ரயில் ஒன்றில் 1,323 பேர் வரை போகலாம். ஒரு மணிக்குப் பத்துக்கும் மேல் ரயில்கள் புறப்படுகின்றன.

விமானத்துக்கு இரண்டு முனைகளில் நிலையம் கட்டினால் போதும். அதனால்தான் சென்னை–டில்லி போன்ற தூரத்தில் அதுவே ஜெயிக்கிறது. ரயிலுக்கு வழி நெடுக நிலம் வேண்டும். குழாய்க்கு நிலமும் வேண்டும், அநேகமாக நேர்கோடாகவும் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் வளைவின் ஆரம் நான்கு மடங்காக வேண்டுமே! கடல் மட்டத்துச் சென்னையிலிருந்து 900 மீட்டர் உயரத்துப் பெங்களூருக்கு வயலையும் பாறையையும் பார்க்காமல் நேராகப் போக முடியுமா? வெயிலில் 30 டிகிரி சூடேறினால் 500 கி.மீ. இரும்புக் குழாய் சுமார் 180 மீட்டர் நீளும். அதற்கு இடம் கொடுத்தபடியே காற்றுப் புகாமல் காக்க வேண்டும். குழாயின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் வெளிக்காற்று சுமார் பத்து டன் எடையாக அழுத்திக்கொண்டே இருக்கும்.

நடுவழியில் வண்டி நின்றால்? ரயிலில் இறங்கி நிற்கலாம். குழாயில், காற்றை மறுபடி உள்ளே விட்ட பிறகுதான் கதவைத் திறக்க முடியும். வயதானவர்களை ஏற்றும் முன் இதற்கு நிரூபித்த வழி வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

ஆராய்ச்சி நடக்கட்டும், அதிலிருந்து நல்ல மோட்டாரும் காந்த நுட்பமும் வரலாம். ஆனால் பொதுப்பணத்தில் பாதை போட யாராவது வந்தால் நான்கு கேள்வி கேட்போம்: வாசலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம்? மணிக்கு எத்தனை பேர்? டிக்கெட் விலை என்ன? நின்றுவிட்டால் வெளியே வருவது எப்படி?

500 கி.மீ. தூரத்துக்கு இன்றைய நிலையில் நல்ல ரயிலே சரியான விடை. ரயில் வரும் நேரத்துக்கு மைசூர் நிலைய வாசலில் மேல்கோட்டைப் பஸ் ஒன்று நின்றால் அரை மணி மிச்சமாகும். அதைக் கேட்டு வாங்க நமக்கு ஒரு மனு போதும்.