பாக்டீரியாவைத் திருப்பும் கால்சியம்

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். அதன் கசையிழைகள் இடஞ்சுழியாகச் சுழன்றால் ஒரே கற்றையாகச் சேர்ந்து உடலை நேராகத் தள்ளும். வலஞ்சுழிக்கு மாறினால் கற்றை பிரிந்து, பாக்டீரியா குட்டிக்கரணம் அடித்து வேறு திசையில் கிளம்பும். உணவு கூடிக்கொண்டே வந்தால் நேரோட்டம் நீளும். நச்சு கூடினால் குட்டிக்கரணம் பெருகும். கண்ணும் நரம்பும் இல்லாத உயிர் இப்படித்தான் வழி தேடுகிறது.

இதில் கால்சியத்துக்கு என்ன வேலை? பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவுக்குள் கால்சியம் கூடினால் குட்டிக்கரணமும் கூடும் என்று 1977-ல் ஜார்ஜ் ஆர்டல் எழுதினார். 1992-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டிசாவும் ஜூலியஸ் ஆட்லரும் செய்த சோதனை அதைவிட அழகானது. கால்சியத்தைப் பிடித்து வைத்திருந்து, ஒளி பட்டதும் விட்டுவிடும் வேதிப்பொருள் ஒன்றை ஈ.கோலைக்குள் செலுத்தினார்கள். ஒளி பாய்ச்சியதும் குட்டிக்கரணம்! ஒளி பட்டதும் கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும் வேறொரு பொருளைச் செலுத்தியபோது நேரோட்டம். வெளியே உணவோ நச்சோ மாறவே இல்லை. விரட்டும் பொருளைக் கொடுத்தால் உள்ளே கால்சியம் ஏறுவதையும், ஈர்க்கும் பொருளைக் கொடுத்தால் இறங்குவதையும் 1995-ல் அவர்களே அளந்து காட்டினார்கள்.

அளவுதான் என்னை மலைக்க வைக்கிறது. அமைதியான நிலையில் ஈ.கோலைக்குள் தனித்துத் திரியும் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 100 நானோமோல். செல்லின் கொள்ளளவோ ஒரு கன மைக்ரோமீட்டரை ஒட்டியது. பெருக்கிப் பார்த்தால் கிடைப்பது ஏறக்குறைய 60 அயனிகள்! வெளியில் இதைப்போல் பல்லாயிரம் மடங்கு இருக்கலாம். நுழைவதையெல்லாம் செல் ஓயாமல் வெளியேற்றுகிறது. உள்ளே இவ்வளவு சொற்பமாக இருப்பதால்தான் சில நூறு அயனிகள் புகுந்தாலே அது செய்தியாகிவிடுகிறது. நம் நரம்பும் இதயத்தசையும்கூட உள்ளே கால்சியத்தை இதே அளவுக்குக் குறைத்து வைத்துத்தான் வேலை செய்கின்றன.

கால்சியமே நேராகப் போய், கசையிழையைச் சுழற்றும் மோட்டாரைத் திருப்புவதில்லை. மோட்டாருக்குச் செய்தி கடத்தும் சி-ஏ (CheA), சி-ஒய் (CheY) ஆகிய புரதங்கள் இல்லாத ஈ.கோலை, கால்சியம் கூடினாலும் குட்டிக்கரணம் அடிப்பதில்லை. பாஸ்பேட் ஏறிய சி-ஒய்தான் மோட்டாரைத் தொடுகிறது. இந்தத் தொடரில் கால்சியம் எந்தக் கண்ணியைப் பற்றி இழுக்கிறது என்பது இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

2017-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஜோயல் கிரால்ஜின் குழு இன்னொன்றையும் காட்டியது: ஈ.கோலை தொடுதலை உணர்வதிலும், சவ்வின் மின்னழுத்தம் மாறும்போது உள்ளே பாயும் கால்சியத்துக்குப் பங்கு உண்டு.

நுண்ணுயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாக்டீரியாவின் நகர்வை சி-ஒய்யோடு முடித்துவிடாதீர்கள்; 1992-ன் ஒளிச் சோதனையையும் வகுப்பில் சொல்லுங்கள்.