கைப்பிடி கேட்கிறது, கணினி செய்கிறது

உம்றாவுக்குப் போகும்போது என் உம்மாவுக்கு ஜன்னல் ஓரத்து சீட் கிடைத்தது, சரியாக றெக்கைக்கு மேலே. கட்டுநாயக்கவிலிருந்து எழும்பிக் கொஞ்ச நேரத்தில் விமானம் ஒரு பக்கம் சரிந்து திரும்பியது. றெக்கையின் முதுகில் இரண்டு மூன்று தட்டுகள் எழும்பின. உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகன், றெக்கையில பலகை கழண்டு வருது. போய்ச் சொல்லுங்க."

"கழறல்ல உம்மா. பைலட் திருப்புறார், அதுக்குத்தான் எழும்புது."

"அவர் முன்னுக்கு இருந்து இத எப்படி இழுக்குற?"

ஆகாயத்தில் வைத்து எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. ஊர் திரும்பித் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழைய விமானங்களில் பதில் லேசு. விமானியின் கையிலுள்ள சுக்கானிலிருந்து உருக்குக் கம்பிகள் கப்பிகளில் ஓடி றெக்கைக்கும் வாலுக்கும் போகும். நம் கிணற்றுக் கப்பி மாதிரித்தான். விமானம் பெருத்தபோது கையின் பலம் போதாமல் ஹைட்ரோலிக் எண்ணெயின் அமுக்கம் உதவிக்கு வந்தது. 1969 இல் பறந்த கொன்கோர்ட் கட்டளையை மின்சாரமாக அனுப்பியது. 1972 இல் நாசா ஒரு எஃப்-8 போர் விமானத்தில் சந்திரனுக்குப் போன அப்பல்லோவின் கணினியைப் பொருத்திப் பறந்து பார்த்தது. 1987 பெப்ரவரியில் முதன்முதல் பறந்த எயார்பஸ் ஏ320 தான் இந்த இலக்கமுறை ஏற்பாட்டைப் பயணிகள் விமானத்துக்குக் கொண்டுவந்தது. ஸ்ரீலங்கன் நிறுவனம் எயார்பஸ்களையே ஓட்டுவதால், நம்மில் பலர் தெரியாமலே இதில் பறந்திருக்கிறோம்.

ஏ320 இல் சுக்கானே இல்லை. ஆசனத்துக்குப் பக்கத்தில் சின்னக் கைப்பிடி ஒன்று இருக்கு, சைட்ஸ்டிக் என்பார்கள். அதைப் பின்னுக்கு இழுத்தால் 'வால் தட்டை இத்தனை பாகை தூக்கு' என்று அர்த்தமில்லை. 'போகும் பாதையை மேல்நோக்கி இவ்வளவு வளை' என்று அர்த்தம். எந்தத் தட்டை எவ்வளவு அசைத்தால் அது நடக்கும் என்று கணக்குப் பார்ப்பது கணினி. கையை விட்டால் விமானம் இருந்த நிலையிலேயே போய்க்கொண்டிருக்கும். உம்மா கண்ட தட்டுகளும் அப்படி எழும்பியவைதான்: விமானி 'சாய்' என்று கேட்டார், எது எழும்புவது என்று கணினி முடிவு செய்தது.

ஏ320 இல் இதற்கென ஏழு கணினிகள். எல்லாம் ஒரே வகையல்ல. கம்பனி வேறு, உள்ளே இருக்கும் சிப் வேறு, மென்பொருள் எழுதிய ஆட்களும் வேறு. ஒருவர் விட்ட பிழையை மற்றவரும் அப்படியே விட்டிருக்க மாட்டார் என்ற நம்பிக்கை. தட்டுகளைத் தள்ளும் எண்ணெய்க்கும் பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று தனித்தனிச் சுற்றுகள்.

இவ்வளவையும் உம்மாவிடம் சுருக்கிச் சொன்னேன். அவர் கேட்டார்: "அப்ப கொம்பியூட்டர் ஏலாதுண்டு சொன்னா?"

சொல்லும். வழமையான நிலையில் விமானி எவ்வளவு தள்ளினாலும் 67 பாகைக்கு மேல் சாய விடாது. கைப்பிடியை விட்டால் தானாக 33 க்குத் திரும்பும். எல்லாவற்றிலும் முக்கியம், றெக்கை காற்றைச் சந்திக்கும் கோணம். ஓடும் பஸ் ஜன்னலால் கையை நீட்டிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். உள்ளங்கையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் காற்று கையைத் தூக்கும். மேலும் மேலும் நிமிர்த்தினால் தூக்குவது நின்று பின்னுக்குத்தான் அடிக்கும். றெக்கைக்கு இது நடப்பதை 'ஸ்டோல்' என்பார்கள். அந்த எல்லைக்கு முன்பே கணினி மறித்துவிடும். 2009 ஜனவரி 15 இல் பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் செயலிழந்த ஏ320 ஒன்றை நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கினார் கெப்டன் சலன்பேர்கர். அவர் முதலில் செய்தவற்றில் ஒன்று, வாலிலுள்ள துணை மின்பிறப்பாக்கியை இயக்கியது. கணினிகளுக்கு மின்சாரம் அறாததால் அந்தக் காவலும் கடைசிவரை இருந்தது. 155 பேரும் தப்பினார்கள்.

ஆனால் கணினிக்குத் தன் அளவுகளில் நம்பிக்கை போனால், காவலை விட்டு விலகிக்கொள்ளும். அதே வருஷம் ஜூன் 1 இல், ரியோவிலிருந்து பாரிஸ் போன எயார் பிரான்ஸ் 447 இல் அதுதான் நடந்தது. அது இதே முறையில் இயங்கும் ஏ330. 35,000 அடியில் வேகம் அளக்கும் குழாய்களைப் பனிப்பளிங்குகள் அடைத்தன. வேகம் தெரியாததால் தன்னியக்கம் கழன்றது, ஸ்டோலை மறிக்கும் காவலும் போனது. கெப்டன் ஓய்வில் இருந்தார். வலப்பக்கத்துத் துணை விமானி கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தார். விமானம் 38,000 அடிவரை ஏறி, ஸ்டோலாகி விழத் தொடங்கியது.

இதில் என்னைத் தூங்கவிடாத ஒரு விஷயம் இருக்கு. 'ஸ்டோல், ஸ்டோல்' என்ற எச்சரிக்கை ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. மூக்கு மிக நிமிர்ந்து, அளக்கப்பட்ட வேகம் 60 நொட்டுக்குக் கீழே போனதும், 'இந்த அளவை நம்ப ஏலாது' என்று கணினி அதையும் நிறுத்திவிட்டது. மூக்கைத் தாழ்த்தினால், அதாவது சரியானதைச் செய்தால், வேக அளவு திரும்பி வந்து எச்சரிக்கை மறுபடி கத்தும். இழுத்தால் மௌனம். இருட்டில், கடலுக்கு மேலே, அந்த மனிதர்கள் என்ன விளங்கியிருப்பார்கள்?

இன்னொன்று. எயார்பஸ்ஸில் இரு விமானிகளின் கைப்பிடிகளும் ஒன்றோடொன்று இணைந்தவையல்ல. ஒருவர் இழுத்தால் மற்றவருடையது அசையாது. போயிங் 777 உம் கணினி வழியாகத்தான் இயங்குகிறது. ஆனால் அதில் பெரிய சுக்கான்களை வைத்து இரண்டையும் சேர்த்தே அசையவிட்டார்கள். கூட்டாளி செய்வது கண்ணுக்குத் தெரியும். பொறியியலாளர்கள் இரு பக்கமும் நியாயம் சொல்வார்கள். எனக்கென்றால் போயிங்கின் வழிதான் மனதுக்குப் பிடிக்கிறது. 447 இல், தான் வெகுநேரமாக இழுத்துக்கொண்டிருப்பதாக அந்தத் துணை விமானி வாய்விட்டுச் சொன்னது கடைசி நிமிடத்தில்தான். தன்னியக்கம் கழன்றதிலிருந்து கடலில் விழும்வரை நாலரை நிமிடமும் இல்லை. 228 பேரும் மௌத்தாகினர்.

விமானத்தின் பதிவுப் பெட்டிகளை 2011 மே மாதம் அத்திலாந்திக்கின் அடியிலிருந்து எடுத்தார்கள். 2012 இல் வந்த பிரெஞ்சு விசாரணை அறிக்கை, விமானிகளுக்கு உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சி வேண்டும் என்றது. றெக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தை விமானி நேரே பார்க்க ஒரு மானி வைப்பதைப் பற்றி ஆராயும்படியும் கேட்டது. அந்தக் கோணம் கணினிகளுக்கு அளந்து கொடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. விமானிகளின் முன்னால் அதைக் காட்டும் மானி இருக்கவில்லை.