இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள்: பெரிய நம்பர்தான் நல்லதா?

ரயில்வேயில் இருந்த காலமெல்லாம் நான் படித்த ஸ்பெசிஃபிகேஷன் தாள்கள் தண்டவாளம், ஸ்லீப்பர், பாயிண்ட்ஸ் பற்றியவை. ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டருக்குள் செருகும் ஒரு கார்டுக்காக அப்படி ஒரு தாளோடு உட்காருவேன் என்று நினைக்கவில்லை.

2023 அக்டோபரில் தில்லியில் என் தம்பி வீட்டில் ஒரு சச்சரவு. பொறியியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த அவன் மகன் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்றான். "முப்பதாயிரம் ரூபாய் போட்டு கேம் விளையாடவா?" என்று தம்பி மறுத்துவிட்டான். பையன் என்னிடம் வந்தான். "பெரியப்பா, நீங்க சொன்னா அப்பா கேப்பார். இது ப்ராஜெக்டுக்கு." தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் மொழி மாதிரி ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக் காட்டுவதுதான் அவன் ப்ராஜெக்ட்.

அவன் சொன்னது நியாயம்தான். முழு எச்டி திரையில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நிறம் கணக்கிட, ஒரே மாதிரியான சிறு கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் போட வேண்டும். அதற்காகப் பிறந்ததே இந்தக் கார்டு. செயற்கை நுண்ணறிவுக்கும் அதே வகைக் கணக்குகள் தேவைப்படுவதால் இதுவே அங்கும் பயன்படுகிறது.

ஒருவழியாகத் தம்பி இறங்கி வந்தான். விலைக்குள் அடங்கியவை இரண்டு: என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060. முன்னது 2021 பிப்ரவரியில் 329 டாலர் விலையில் வந்தது. பின்னது 2023 ஜூனில் 299 டாலருக்கு. "புதுசு, நம்பரும் பெரிசு, விலையும் ஒன்றும் அதிகமில்லை. 4060-ஐ வாங்கு" என்றான் தம்பி. கடைக்காரர் சொன்னதும் அதுவே. நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

பாதை புதுப்பிக்கும் வேலை ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கணக்கு எளிது.

முதலாவது, ஆட்பலம். கணக்குப் போடும் கோர்கள்தான் நம் கேங்மேன்கள். 3060-ல் 3584 பேர். 4060-ல் 3072 பேர். ஆள் குறைவு என்றாலும் கை வேகம். 3060-ன் உச்ச வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ், 4060-க்கு 2460. ஆள் எண்ணிக்கையை வேகத்தால் பெருக்கிப் பாருங்கள். 4060 சுமார் 19 சதவீதம் முன்னே நிற்கிறது.

இரண்டாவது, கிடங்கு. வேலைக்கான சாமான் எல்லாம் கார்டிலுள்ள நினைவகத்தில் இருக்க வேண்டும். 3060-ல் 12 ஜிபி; 4060-ல் 8 ஜிபி மட்டுமே.

மூன்றாவது, கிடங்கிலிருந்து வேலையிடத்துக்கு வரும் வழி. 3060-ல் 192 பிட் அகலம். ஒவ்வொரு பிட் வழியிலும் நொடிக்கு 15 கிகாபிட். பெருக்கி எட்டால் வகுத்தால் நொடிக்கு 360 ஜிபி. 4060-ல் 128 பிட், 17 கிகாபிட். அதாவது 272 ஜிபி. வழி குறுகியதை ஈடுகட்ட, வேலையிடத்தின் பக்கத்திலேயே ஒரு சிறு ஸ்டோர் வைத்திருக்கிறார்கள். எல்2 கேஷ் என்று பெயர். 3060-ல் அது 3 எம்பி; 4060-ல் 24 எம்பி. அடிக்கடி தேவைப்படும் சாமான் அங்கேயே கிடைப்பதால் கிடங்குக்கு ஓடும் நடை குறைகிறது.

நான்காவது, மின்சாரம். 3060-க்கு 170 வாட், 4060-க்கு 115 வாட். தினம் நான்கு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 80 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 640 ரூபாய்.

கேம் விளையாடுவோருக்கு முடிவு தெளிவு. முழு எச்டி திரையில் 4060 பொதுவாக 15 முதல் 20 சதவீதம் வேகமானது. பழையது நொடிக்கு 60 படம் காட்டும் இடத்தில் புதியது 70-ஐ எட்டும். இரண்டு படங்களுக்கு நடுவே தானே ஒரு படத்தை உருவாக்கிச் செருகும் டிஎல்எஸ்எஸ் பிரேம் ஜெனரேஷன் வசதியும் 4060-ல் உண்டு, 3060-ல் இல்லை.

ஆனால் நம் பையனின் வேலை வேறு. அவன் எடுத்துக்கொண்ட மொழி மாதிரியில் 700 கோடி எண்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் என்றால் 14 ஜிபி. எந்தக் கார்டிலும் அடங்காது. ஒரு பைட்டாகச் சுருக்கினால் 7 ஜிபி. அதோடு வேலை நடக்கையில் கொஞ்சம் இடம் வேண்டும், திரைக்கும் கொஞ்சம் வேண்டும். 8 ஜிபியில் மூச்சு முட்டும். 12 ஜிபியில் தாராளம். அரை பைட்டாகவும் சுருக்கலாம், ஆனால் பதிலின் தரம் குறையும். கிடங்கில் இடம் போதாவிட்டால் கம்ப்யூட்டரின் பொது நினைவகத்திலிருந்து சாமான் வர வேண்டும். பத்து மைல் தள்ளியுள்ள டிப்போவிலிருந்து ஸ்லீப்பர் வருவதற்காக கேங்மேன்கள் கைகட்டி நிற்பது போலத்தான். எத்தனை வேகமான ஆட்கள் இருந்து என்ன பயன்?

எங்கள் என்ஜின்களில் டபிள்யூஏஜி-9 சரக்குக்கு, டபிள்யூஏபி-7 பயணிகள் வண்டிக்கு. முன்னதன் பல்சக்கர விகிதத்தை மாற்றிப் பிறந்ததே பின்னது. எது உயர்ந்தது என்று ரயில்காரன் கேட்க மாட்டான். எந்த வண்டியை இழுக்க என்றுதான் கேட்பான். பையனுடையது சரக்கு வண்டி. 3060 என்று முடிவாயிற்று.

நேரு பிளேஸ் போனோம். ஒரு கடையில் மற்ற கடைகளைவிடக் குறைந்த விலைக்கு 3060 இருந்தது. தம்பி பர்ஸை எடுத்துவிட்டான். பையன் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "பெரியப்பா, இது 12 இல்ல, 8" என்றான். அதே பெயரில் 2022-ல் வந்த 8 ஜிபி ரகம் அது. கோர்கள் அதே 3584. வழி மட்டும் 128 பிட், நொடிக்கு 240 ஜிபி. பெயரைப் பார்த்து வாங்கியிருந்தால் இரண்டு கார்டின் குறைகளும் ஒன்றாக வீட்டுக்கு வந்திருக்கும். மூன்று கடை தள்ளி 12 ஜிபி கிடைத்தது.

அடுத்த ஏப்ரலில் ப்ராஜெக்ட் முடிந்தது. தம்பி முதல் கேள்வியாக, தில்லியிலிருந்து திருச்சிக்கு எந்த ரயில் என்று கேட்டான். தமிழ் சுத்தமாக இருந்தது, சொன்ன ரயில் தவறு. கார்டு வண்டியை இழுக்கும். சரியான ஊருக்குப் போவது மொழி மாதிரியின் பொறுப்பு. ஆனாலும் தம்பி அன்று இரவு பத்து மணி வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

2025-ல் 5060 வந்துவிட்டது. நம்பர் ஏறியிருக்கிறது, நினைவகம் அதே 8 ஜிபிதான். ஆகவே பிள்ளைகள் இப்படி ஒன்று கேட்டால், புரியவில்லை என்று மறுக்கவும் வேண்டாம், கடைக்காரர் சொன்னார் என்று பணத்தை நீட்டவும் வேண்டாம். என்ன வேலைக்கு, அந்த வேலைக்கு எத்தனை ஜிபி, வழியின் அகலம் எவ்வளவு, எத்தனை வாட் என்ற நான்கையும் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அது ஏன் வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.