நர்சரியில் பிள்ளையை விடும் முன்

இங்கிலாந்தில் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்சரிகளும், தம் வீட்டிலேயே பிள்ளை பார்க்கும் சைல்ட்மைண்டர்களும் 2006ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அச்சட்டத்தின் கீழ் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதித்தொகுப்பில் பாதுகாப்பும் நலனும் பற்றிய பகுதி அறிவுரை அல்ல, கட்டாயம். நர்சரிகள் பொதுவாக ஆஃப்ஸ்டெட் என்ற அரசுக் கண்காணிப்பு அமைப்பிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பணியாளர்களின் குற்றப் பின்னணியும் சரிபார்க்கப்பட வேண்டும்.

பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர் என்பதைத்தான். நர்சரிகளில், இரண்டு வயது நிரம்பாதவர்களில் மூன்று பிள்ளைக்கு ஒருவர் இருக்க வேண்டும். இரண்டு வயதினரில் ஐந்து பிள்ளைக்கு ஒருவர்; 2023 வரை இது நான்காக இருந்தது. ஐந்து என்பது உச்ச வரம்புதான், நான்கோடு நிறுத்திக்கொள்ள எந்த நர்சரிக்கும் தடையில்லை. மூன்று வயதானவர்களில் எட்டுப் பேருக்கு ஒருவர். உரிய பட்டத்தகுதி உள்ளவர் நேரடியாகப் பார்த்துக்கொண்டால் 13 பேர் வரை விடலாம்.

சாப்பாட்டு நேரத்துக்கான விதிகள் 2025 செப்டம்பரில் இறுக்கப்பட்டன. சாப்பிடும் பிள்ளை எப்போதும் பணியாளரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கான முழு முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும். தொண்டை முழுதும் அடைத்துக்கொண்ட பிள்ளையால் அழ முடியாது, இரும முடியாது. சத்தம் கேட்டு ஓடி வரலாம் என்று அடுத்த அறையில் இருப்பவருக்கு எந்தச் சத்தமும் கேட்காது.

பிள்ளையை அடிப்பது மட்டுமல்ல, அடிப்பேன் என்று மிரட்டுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. கைபேசி, கேமரா பயன்பாட்டுக்கு ஒவ்வோர் இடமும் விதி வைத்திருக்க வேண்டும். 2009இல் பிளிமத் நகர நர்சரி ஒன்றில் பணியாளர் ஒருவரே பிள்ளைகளைப் பாலியல் வன்கொடுமை செய்து, கைபேசியில் படமெடுத்துப் பகிர்ந்தது வெளிவந்தது. உடன் வேலை செய்தவர்களுக்கு அவருடைய போக்கு உறுத்தியிருந்தும் தட்டிக் கேட்க முடியாத சூழல் நிலவியதைப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. சக பணியாளர் மீது ஐயம் எழுந்தால் அச்சமின்றிச் சொல்வதற்கான வழிமுறை இன்று விதித்தொகுப்பிலேயே இருக்கிறது. பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒருவரும் ஒவ்வோர் இடத்திலும் நியமிக்கப்பட வேண்டும்.

பிள்ளைக்கு அடிபட்டாலோ முதலுதவி செய்தாலோ அன்றைக்கே, முடியாவிட்டால் கூடிய விரைவில், பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். விதிமீறல் பற்றி எழுத்தில் புகார் கொடுத்தால் 28 நாளுக்குள் விசாரணை முடிவைத் தெரிவிக்க வேண்டும். நர்சரியிடம் சொல்லாமலே ஆஃப்ஸ்டெட்டிடம் நேராகவும் போகலாம். பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறது என்ற சந்தேகம் இருந்தால் உள்ளாட்சி மன்றத்தின் குழந்தைகள் நலப் பிரிவுக்கும், உடனடி ஆபத்தென்றால் 999க்கும் சொல்ல வேண்டும். சான்று திரட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அது விசாரிப்பவர்களின் வேலை. ஆபத்து உண்டென்று கருதினால் ஆஃப்ஸ்டெட் பதிவை உடனே இடைநிறுத்தலாம். அந்தக் காலத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது குற்றம்.