வால்வில் குடியேறும் கிருமி

இதயத்தின் நான்கு வால்வுகளும் ரத்தத்தை ஒரே திசையில் அனுப்பும் கதவுகள். நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை திறந்து மூடும் இவை, 70 வயதுக்குள் 250 கோடி முறை இயங்கிவிடுகின்றன. வயது ஏறும்போது பெருந்தமனி வால்வின் மெல்லிய இதழ்களில் கால்சியம் படிந்து அவை விறைத்துப்போகும். 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய வாசல் 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே குறுகினால் கடுமையான அடைப்பு என்று பொருள். மைட்ரல் வால்வோ பலருக்கு ஒழுகத் தொடங்கும். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் விட்டுச்சென்ற வடு, முதுமையில் தொல்லை தருவதும் இந்தியாவில் உண்டு.

பழுதான வால்வைக் கடக்கும் ரத்தம் பீறிட்டும் சுழித்தும் பாய்கிறது. அதனால் உள்பரப்பு சிதைந்த இடத்தில் தட்டணுக்களும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளும் ஒட்டிக்கொள்கின்றன. ரத்தத்தோடு வரும் பாக்டீரியா அந்தப் படிவில் சிக்கிப் பெருகுகிறது. வால்வு இதழ்களுக்கு ரத்தக் குழாய்கள் மிகக் குறைவு என்பதால், உடலின் காவலர்களான வெள்ளணுக்கள் அங்கே போதிய அளவில் சென்றுசேர முடிவதில்லை. இப்படி வால்வில் கிருமி பெருகுவதே இதய உள்ளுறை அழற்சி. கிருமித் திரளிலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1885-இல் லண்டனில் இந்நோயை விளக்கிப் பேசியபோது இதற்கு மருந்தே இல்லை. பென்சிலின் வந்த பிறகுதான் நோயாளிகள் பிழைத்தார்கள்.

கிருமி நுழையும் வழிகள் பல. சீழ்பிடித்த ஈறு, தோல் புண், டயாலிசிஸ் குழாய், நாள்பட வைத்திருக்கும் சிறுநீர்க் குழாய் எல்லாமே வாசல்கள். முதியவர்களிடம் குடலிலிருந்தும் சிறுநீர்ப் பாதையிலிருந்தும் வரும் என்டெரோகாக்கஸ் அதிகம் காணப்படுகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ் என்ற கிருமி பிடிபட்டால் மருத்துவர்கள் பெருங்குடலையும் சோதிப்பார்கள். அங்கே புற்றுநோய் ஒளிந்திருக்கலாம். செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும், ஒருமுறை இந்நோய் வந்து மீண்டவர்களுக்கும் ஆபத்து மிகுதி. பல் பிடுங்குவது போன்ற சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு இவர்களுக்கு ஆன்டிபயாடிக் தரப்படுகிறது. பொதுவாக 2 கிராம் அமாக்ஸிசிலின்.

முதியவர்களிடம் இந்நோய் சத்தமின்றி வரும் என்பதுதான் மிகவும் கவலைக்குரியது. காய்ச்சல் லேசாக இருக்கும்; சிலருக்கு இருக்கவே இருக்காது. பசியின்மை, எடை குறைவு, அசதி, முதுகுவலி, திடீர்க் குழப்பம் ஆகியவை தோன்றும். வீட்டார் இவற்றை வயதின் மேல் போட்டுவிடுவார்கள். நோயை உறுதிசெய்ய ரத்தத்தை வெவ்வேறு இடங்களில் பலமுறை எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனை செய்ய வேண்டும்; இதயத்தை ஒலி அலைகளால் படம்பிடிக்கும் எக்கோவும் தேவை. உணவுக்குழாய் வழியாகச் செய்யும் எக்கோ இன்னும் தெளிவாகக் காட்டும். பிறகு பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ரத்தக் குழாய் வழியாக மருந்து. வால்வு சிதைந்திருந்தால் அறுவை சிகிச்சை.

ரத்தம் எடுக்குமுன் விழுங்கும் ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரை போதும், கிருமி சோதனையில் அகப்படாமல் தப்பிவிடும். வால்வு நோயுள்ள பெரியவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் சில நாள் நீடித்தால், மருந்துக் கடையில் மாத்திரை கேட்காதீர்கள். நேராக மருத்துவரிடம் போய், வால்வு நோய் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.